அக்காவுக்காகப் போட்ட துண்டு

ஓட்டலில் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், பக்கத்தில் இருப்பவர் சொன்னதையே நானும் சொல்லிவிடுவேன். "எனக்கும் அதே." இதனால் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பல பலகாரங்களை ஆசையாகச் சாப்பிடுகிறவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர் இருக்கிறது. போன் அடித்தால் அது தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்பதான் பாத்தேன், சொல்லுங்க" என்று மெசேஜ் அனுப்புவேன். மீட்டிங்கில் பேச வேண்டியதை பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். சில நாள் அது வெறும் குட் மார்னிங்காகக்கூட இருக்கும்.

இதையெல்லாம் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆபீசில் எல்லோரையும்விடப் பெரிய குரல் என்னுடையதுதான். "உனக்கா பயம்? நீ பேசினா கீழ் ப்ளோர்ல கேக்குது" என்பார்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று சொல்வதானால், மாரிக்குப்பத்தில் புறப்பட்ட ஒரு ரயிலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்தப் பயம் எனக்கு மட்டும் இருக்கவில்லை. அக்காவுக்கும் இருந்தது. அவளுக்கு என்னைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம். சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத்து மைன்ஸ்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த லைன் வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல் அறை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒன்றாக எழுந்து உள்ளே ஓடுவோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு சந்து. அதில் இரண்டு பேரும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட நின்றுகொண்டிருப்போம். சிறிது நேரத்தில் அம்மா வருவாள். என் காதைப் பிடித்து வெளியே இழுப்பாள். அக்காவை விட்டுவிடுவாள்.

"ஆம்பளப் புள்ள, வந்தவங்கள வாங்கன்னு கேக்கறத உட்டுட்டு கதவாண்ட இன்னாடா வேல உனக்கு?"

முன்னறையில் என்னை நிறுத்திப் பெயர் கேட்பார்கள், வகுப்பு கேட்பார்கள், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார்கள். நான் சிமெண்டுத் தரையில் இருக்கும் விரிசலைக் கால் கட்டைவிரலால் அளந்துகொண்டு நிற்பேன். வந்தவர்கள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "பொண்ணு எங்க?" என்று கேட்பார்கள்.

"உள்ள கீறா. யார் வந்தாலும் வெளிய வர மாட்டா. கூச்சம்."

"அடக்கமான பொண்ணு. இந்தக் காலத்துல இப்டி எங்க கீது?"

அதே கதவு, அதே டிரம். அங்கே ஒளிந்ததற்கு எனக்குக் கிடைத்த பெயர் வாயில்லாப் பூச்சி. அக்காவுக்குக் கிடைத்தது அடக்கம்.

கொத்தமல்லி வாங்கவும், தண்ணீர் டேங்கர் வரிசையில் குடத்தைப் போட்டு இடம் பிடிக்கவும், பக்கத்து லைனில் போய் இட்லிச் சட்டி இரவல் கேட்கவும் என்னைத்தான் அனுப்புவார்கள். கடையில் போய் நின்றால், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் என் தலைக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் தானாக என்னைக் கவனித்து "இன்னாடா?" என்று கேட்கிற வரைக்கும் நின்றுகொண்டிருப்பேன். அவர் கேட்ட உடனே என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோகும். வீட்டுக்கு வந்தால் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், மடியில் ஒரு புத்தகம் திறந்திருக்கும். அவளை யாரும் எங்கேயும் அனுப்புவதில்லை. அடுத்த பிறவியில் பெண்ணாகப் பிறக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட காலம் அது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். மைன்ஸ் மூடிய பிறகு ஓர் ஏ.டி.எம். வாசலில் வாட்ச்மேன் ஆனார். யாருடனும் பேச வேண்டியதில்லை, கதவைத் திறந்து மூடினால் போதும். கல்யாணம், காதுகுத்து என்றால் வழியிலேயே ஒரு குவார்ட்டர் உள்ளே போன பிறகுதான் பந்தலுக்குள் நுழைவார். அதற்கப்புறம் பந்தலில் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும். ஆம்பளைங்க என்றால் அப்படித்தான் என்று அம்மா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். நாங்களும் அதையே நம்பினோம்.

அக்கா பத்தாவது பாஸ் செய்தாள். சும்மா பாஸ் இல்லை, ஸ்கூலிலேயே முதல் இடம். எங்கள் குடும்பத்தில் அதுவரை அந்த வகுப்பைப் பார்த்தவர்களே கிடையாது. அவளுடைய கிளாஸ் டீச்சர் தானே விண்ணப்பம் வாங்கி, தானே நிரப்பி, பெங்களூரில் பெண்களுக்கான ஒரு பாலிடெக்னிக்குக்கு அனுப்பிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேதி சொன்னார். சீட் கிடைத்த மாதிரிதான், ஹாஸ்டலும் உண்டு, நேரில் ஒருமுறை வந்து பேச வேண்டும். "பேரு, ஊரு, இந்தப் படிப்பு ஏன் பிடிக்குதுன்னு இங்கிலீஷ்ல கேப்பாங்க. அவ்ளோதான். ஆனா அன்னிக்கு வரலன்னா சீட்ட அடுத்த பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க."

அவ்ளோதான் என்ற சொல்லை டீச்சர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று அக்காவும் நானும் கதவுக்குப் பின்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று முதல் அக்கா அரிசி டிரம்மிடம் பேசத் தொடங்கினாள். "மை நேம் இஸ்" என்று ஆரம்பித்து கடைசியில் "தேங்க் யூ சார்" வரைக்கும், சாதம் வடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். டிரம்மிடம் அவள் நன்றாகத்தான் பேசினாள். நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

யார் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வந்தது. அப்பா உடனே எழுந்து சட்டையை மாட்டினார். "நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? ஆபீஸ்காரன் ஏதாவது கேட்டா கைய கட்டினு நிக்கணும்." வெளியே போய்விட்டார். கடைசியில் பக்கத்து வீட்டு அத்தைதான் ஒப்புக்கொண்டாள். உறவு ஒன்றும் இல்லை, கூப்பிடுகிற முறைக்கு அத்தை. பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குத் தினமும் காலை ரயிலில் போய்வருகிறவள். "நான் கூட்டினு போறேன்ணா. அவ என் பின்னால வந்தாப் போதும்."

அந்தக் காலை ரயிலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. ரயில் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு அடுத்ததாக சாம்பியனுக்கு வரும். வருவதற்குள்ளேயே நிரம்பிவிடும். அதனால் சாம்பியனில் ஏறுகிற பெண்கள் தங்கள் வீட்டுச் சின்னப் பையன்களை முன்னாடியே மாரிக்குப்பத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பையன் லேடீஸ் பெட்டியில் ஏறி, சீட்டில் துண்டைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சாம்பியனில் பெண்கள் ஏறியதும் இவன் குதித்து இறங்கி வீட்டுக்கு ஓடிவந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான். விடியாத நேரத்தில் பெண்பிள்ளைகள் மாரிக்குப்பம் வரைக்கும் நடக்கக் கூடாது என்பது காரணம். பையன்கள் நடக்கலாம். லைனில் இருந்த மற்றப் பையன்களுக்கு இது ஒரு விளையாட்டு. எனக்கு முன்தினம் ராத்திரியே பயத்தில் தூக்கம் போய்விட்டது.

பயந்ததுபோலவே நடந்தது. பெட்டியில் ஏறி, ஜன்னலோரச் சீட்டில் இரண்டு ஆள் இடத்துக்குத் துண்டை விரித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி நிறையப் பெண்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. டிபன் டப்பாவைத் திறக்கிறவர்கள், தலை பின்னுகிறவர்கள், மாமியாரைத் திட்டுகிறவர்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தடித்த அம்மாள் என்னைக் கவனித்துவிட்டாள்.

"யாருக்குடா மாப்ள துண்டு? பொண்டாட்டிக்கா?"

அக்காவுக்கு என்று சொல்ல நினைத்தேன். சொல் வராததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"தலைய ஆட்டறாம்பா! பொண்டாட்டிக்குத்தானாம்!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. "பொண்ணு எந்த ஊரு மாப்ள?" "எங்களுக்குப் பத்திரிக வெக்கல பாரு." "ஏய், சின்னப் பையன அழ வெக்காதடி." காது இரண்டும் கொதித்தன. பெண்களுக்கு வெட்கம் இயற்கை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அந்தப் பெரியவர்கள் யாரும் இந்தப் பெட்டியில் ஏறியதில்லை போலிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்போது சொல்ல வேண்டியதை மட்டும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வழி விடுங்க. கொஞ்சம் வழி விடுங்க. முதல் சொல் சரியாக வந்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும் என்பது அப்போது என் நம்பிக்கை.

ரயில் புறப்பட்டது. மைன்ஸ் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுக்கு மேலே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. சாம்பியன் வந்தது.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் கூட்டம் பெட்டி வாசலை நோக்கி ஓடிவந்தது. முன்னால் அத்தை, பையைத் தோளில் மாட்டி இரண்டு முழங்கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சை சுடிதாரில் அக்கா. சர்ட்டிபிகேட் வைத்த பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதற்கும் பின்னால், லேடீஸ் பெட்டி என்பதால் தள்ளியே நின்ற அப்பா. அத்தை கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். அக்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவளை இடித்துக்கொண்டு ஒவ்வொருத்தராக முன்னால் போனார்கள். அக்காவின் கண் யாரையும் பார்க்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"டேய், எழுந்துரு, எறங்கு! வண்டி நிக்காது. அக்கா பின்னாலயே வரா." அத்தை துண்டின்மேல் வந்து விழுந்தாள். நான் எழுந்தேன். பிளாட்பாரம் பக்கத்து வாசலில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்து வாசல் வழியாகக் குதித்துவிடுவதுதான் பையன்களின் வழக்கம். அந்த வாசலுக்குப் போனேன். அங்கே கீரைக் கூடையை வாசற்படிக்குக் குறுக்கே வைத்து, அதற்குப் பக்கத்தில் காலை நீட்டி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று சொல். வாயைத் திறந்தேன், மூடினேன். சாமி, இவங்களே திரும்பிப் பாக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் திரும்பவில்லை, கீரைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை சரியாக வந்தது. சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தபோது கூடைக்கு அந்தப் பக்கம் தந்திக்கம்பம் ஒன்று மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த ஸ்டேஷனிலும் கூடை அங்கேயேதான் இருந்தது.

கீரைக் கூடைக்காரம்மாவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருப்பதை அத்தைதான் கண்டுபிடித்தாள். அவள் என்னைத் தேடி வரவில்லை, அக்காவைத் தேடி வந்திருந்தாள்.

"டேய்! நீ இன்னும் எறங்கல? உங்கக்கா எங்கடா?"

அப்போதுதான் அக்கா ஏறவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அத்தை என்னை இழுத்துக்கொண்டு சீட்டுக்குப் போனாள். போனை எடுத்தாள். அப்பா எடுக்கவில்லை. அதற்குள் அக்காவின் இடத்தில் உட்கார ஆள் வந்துவிட்டார்கள். "யாரு சீட்டு மரி இது?" என்று ஒருத்தி என்னைக் கன்னடத்தில் குட்டி என்று செல்லமாக அழைத்துக் கேட்டாள். அத்தை துண்டை இன்னும் நன்றாக விரித்தாள். "ஆள் வருது."

"எங்க வருது? வண்டிதான் கெளம்பிடுச்சே."

"பங்காருபேட்டைல ஏறும். காலேஜ் படிக்கப் போற பொண்ணுமா. வருவா."

நிற்க இடமில்லாத பெட்டியில் அந்த ஒரு சீட்டு, துண்டு மட்டும் உட்கார்ந்தபடி, பங்காருபேட்டை வரைக்கும் வந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். என்னை மாப்பிள்ளை என்ற அம்மாள் மட்டும், "உடுங்கடி, படிக்கிற பொண்ணுன்றாங்க இல்ல" என்றாள். நான் நின்றுகொண்டே வந்தேன். துண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் உட்காரக் கூடாது என்று ஏனோ தோன்றியது.

பங்காருபேட்டையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே அப்பா போனை எடுத்தார். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. கூட்டம், கூட்டம் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"அண்ணா, இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. பஸ்ல ஏத்தி இங்க இட்டுனு வந்துடு. அடுத்த வண்டி கீது. நாங்க பிளாட்பாரத்துலயே நிக்கிறோம். உம் புள்ளையும் இங்கதான் கீறான்." பிறகு சத்தத்தைத் தாழ்த்தி, "அவகிட்ட போனக் குடுணா" என்றாள்.

காத்திருந்தாள். "அம்மாடி, நான்தான். எதுவும் பேச வேணாம், வந்தாப் போதும். நான் பேசிக்கிறேன். இன்னா? ஊம்னு சொல்லேன்." போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்தில் இருந்து எதுவும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அத்தை என்னோடு இறங்கினாள். அவள் வந்த வண்டி, அவள் வேலைக்குப் போக வேண்டிய வண்டி, புறப்பட்டுப் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்தோம். "இட்லி தின்றியா, வட தின்றியா?" என்று கேட்டாள். அத்தை எதைத் தின்பாளோ அதையே தின்னலாம் என்று காத்திருந்தேன். அவள் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் நானும் வாங்கவில்லை. அவள் கண் மேம்பாலப் படிக்கட்டிலேயே இருந்தது. என் கண்ணும் அங்கேதான் இருந்தது. அக்கா வந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். காலேஜுக்காக இல்லை. ஏறாமல் நின்றதற்கு அவளுக்கும், இறங்காமல் போனதற்கு எனக்கும் என்று அப்பாவின் கோபம் பாதிப் பாதியாகப் பிரியும் இல்லையா?

பெங்களூர் வண்டிக்கு அறிவிப்பு வந்தது. முதலில் கன்னடத்தில், பிறகு இந்தியில், பிறகு இங்கிலீஷில். அத்தை எழுந்து நின்றாள். வண்டி வந்து நின்றது. படிக்கட்டில் ஆட்கள் ஓடி இறங்கினார்கள். பச்சையாக ஏதாவது தெரிந்தால் அத்தை துண்டை உயர்த்தி ஆட்டினாள். பச்சைப் புடவை ஒன்று வந்தது, பச்சைப் பை ஒன்று வந்தது. கடைசியில் அப்பா வந்தார். தனியாக வந்தார்.

"எங்கணா அவ?"

"வீட்ல கீறா. பஸ் ஸ்டாண்டு வரிக்கும் இட்டாந்தேன். பஸ்லயும் கூட்டம். ஏற மாட்டேன்னு நின்னுட்டா. பொட்டப் புள்ள, போட்டுத் தொல்ல பண்ண வேணாம்னு உட்டுட்டேன்."

"சீட்டு போய்டுமேணா!"

"போனாப் போவுது. இவ்ளோ கூச்சப்படறவள ஹாஸ்டல்ல எப்டி உடறது? நல்ல குணமாத்தான இருக்குது." இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் ஏதோ பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். அறை விழுந்தது. "மைன்ஸ் கேஜுல ஆள் மேல ஆள் நின்னு கீழ எறங்கனவன் புள்ளடா நீ! ரயில்ல இருந்து எறங்கத் தெரியல உனக்கு? வழி உடுன்னு கேக்க வாயில்ல? ஆம்பளயாடா நீ?"

பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அறையைவிட அதுதான் வலித்தது.

அத்தை நடுவில் வந்தாள். துண்டை என் தோளில் போட்டாள். "அவளும் இவனும் ஒரே வேலயத்தான பண்ணாங்க? இவன அடிக்கிற, அவள மெச்சுக்கிற. இவன்கிட்ட காட்டற கோவத்துல பாதிய அவகிட்ட காட்டியிருந்தா இன்னேரம் வண்டில இருந்திருப்பாணா" என்றாள். எனக்கு அத்தைமேல் வெறுப்பு வந்தது. அடி வாங்காமல் வீட்டில் இருக்கிற அக்காவையும் அடிக்கச் சொல்கிறாளே, இவள் என்ன மனுஷி!

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பச்சை சுடிதார் மடிப்புக் கலையாமல் கொடியில் தொங்கியது. பிளாஸ்டிக் கவர் பரண்மேல் ஏறிவிட்டது. சேதி கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "கண்டவங்களோட இடிச்சினு ஏறாம நின்னுச்சு பாரு, அதான் வளப்பு." அம்மா பெருமையை மறைக்க முடியாமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "இவன் பங்காருபேட்ட வரிக்கும் டிக்கெட் இல்லாம போய்ட்டு வந்துட்டான்!" அக்கா என் கன்னத்தில் விரல் பதிந்திருப்பதைப் பார்த்தாள். "உனக்கு நல்லதாப் போச்சு" என்றேன் கோபத்தோடு. அவள் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்றால் வரத்தானே செய்யும்.

மறுநாளில் இருந்து அப்பா எனக்கு வைத்தியம் தொடங்கினார். காலையில் டீக்கடைக்கு என்னை அனுப்பிவிட்டு அவர் தெருமுனையில் நின்றுகொள்வார். "நீ கேக்கறது எனக்கு இங்க கேக்கணும்." கேட்காவிட்டால் இன்னொரு முறை. கடைக்காரர் டீயைக் கொடுத்த பிறகும் இன்னொரு முறை. டீ குடிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பல மாதம் இப்படிப் போனது. ஒருநாள் நான் போட்ட சத்தத்தில் கடை நாய் எழுந்து ஓடியது. அப்பா தெருமுனையில் நின்று சிரித்தார். என் பயம் போய்விட்டது என்று வீட்டில் சொன்னார். அது போகவில்லை, அதன்மேல் ஒரு சத்தத்தைப் போட்டு மூடக் கற்றுக்கொண்டேன். அந்தச் சத்தம்தான் என்னைக் காலேஜுக்கும் இன்டர்வியூவுக்கும் இப்போது தினமும் அதே காலை ரயிலில் வேலைக்கும் கூட்டிக்கொண்டு போகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் படித்தவன் நான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைத்தான் பார்க்கிறேன். முதலில் படித்திருக்க வேண்டியவள் வேறு ஒருத்தி.

அக்காவுக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் நோயே இல்லையே, குணம்தானே. ரவிக்கை தைத்தாள். துணியைக் கொடுக்க வருகிறவர்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சத்தமே வராத பொண்ணு என்று விசாரித்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையில் இருந்து சம்பந்தம் வந்தது. மாமா நல்லவர். காய்கறி முதல் போன் ரீசார்ஜ் வரைக்கும் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். உடம்பு சரியில்லை என்றால், எங்கே வலிக்கிறது என்று அக்கா மாமாவிடம் சொல்வாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் மாமா சொல்வார். ரேஷன் கடையில் கைரேகை வைக்க அவளே வர வேண்டும் என்றபோது, வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு மாமாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் எனக்கு மெசேஜ் வரும். இன்றைக்கும் தெருவில் அவளுக்கு நல்ல பெயர்தான். குடும்பப் பொண்ணு என்கிறார்கள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். அக்கா சட்டென்று எழுந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனாள். நான் என் பெரிய குரலில், "யாருங்க? வாங்க, இப்டி வெய்யுங்க" என்று பேசி அனுப்பிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் ஏழு வயது மகளும் அவளோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மகளின் தோளில் இருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"இவ மிஸ்ஸு போன வாரம் சொன்னாங்களாம். கிளாஸ்லயே இவதான் அமைதியாம். தொந்தரவே இல்லையாம்." மகளைப் பார்த்துக்கொண்டே, "அது நல்ல பேரு இல்லடா" என்றாள்.

பேச்சை மாற்றுவதற்காக, இத்தனை வருடம் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன். "அன்னிக்கி சாம்பியன் ஸ்டேஷன்ல நின்னுனு சாமி கும்பிட்டியே, இன்னான்னுக்கா வேண்டிக்கின?"

"சாமியா? எப்ப?"

"வாய் அசஞ்சினே இருந்துதே. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

அக்கா யோசித்தாள். பிறகு அரிசி டிரம்மிடம் பேசிய அதே மெல்லிய குரலில் சொன்னாள். "கொஞ்சம் வழி உடுங்கன்னு சொல்லிப் பாத்துனு இருந்தேன்டா. ஒரு வாட்டி சரியா வந்துட்டா சத்தமா சொல்லிடலாம்னு. அதுக்குள்ள வண்டி போய்டுச்சு."

ரயிலை விட்ட அந்த நாள் சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டு என்னைச் சாமி கும்பிடச் சொன்னாள். நான் கையைக் கூப்ப மாட்டேன் என்று நின்றேன். அதற்கும் ஓர் அடி விழுந்தது. ஆனாலும் கூப்பவில்லை. ஒரே நேரத்தில் நான் பெட்டிக்குள் நின்று வேண்டிக்கொண்டேன், அக்கா வெளியே நின்று, வண்டி போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். சாமி அக்கா கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.